கண்மலராகிப்போன ரோமாபுரிக் காசு

என் ஊட்டுக்காரருக்குப் புதையல் பைத்தியம் பிடித்தது போன சித்திரையில். ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தென்னந்தோப்பையே சுற்றிச் சுற்றி வந்தார். கிடைத்ததெல்லாம் மாட்டு லாடமும் பீர் மூடியும்தான். ஒரு தென்னைக்காவது தண்ணி திருப்பிவிடணுமே, ம்ஹூம்!

ஒரு நாள் காலையில், மண் அப்பிய காசு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் போட்டார். கறுத்த வெள்ளி. தண்ணீரில் அலசினேன். இலைமாலை சூடிய தலை, நீண்ட மூக்கு, சுற்றிலும் எழுத்து. ரோமாபுரிக் காசு! காலேஜில் சரித்திரம் படித்துவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பவள் நான். மிளகு வாங்கக் கப்பலேறி வந்த காசு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும்போது யார் மடியிலிருந்தோ விழுந்திருக்கிறது. இதை மியூசியத்தில் சேர்த்தே தீருவது என்று அப்போதே முடிவு கட்டினேன்.

"ஏனுங்க, வில்லேஜ் ஆபீஸ்ல சொல்லோணுமுங்க."

"சொன்னா தோப்பையே தோண்டிப் போட்டுருவாங்க. போயி வேலையப் பாரு."

விடாமல் நச்சரித்தேன். "செரி, திங்கக்கெழம போலாம்" என்றார். நம்பினேன். என் புத்தியை எதால் அடிக்க!

அவர் தன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டியிருந்தார். ஆபரேஷன் முடிந்து வருசக்கணக்காச்சு. கடையில் வாங்கக் கை வரவில்லை, மகராசனுக்கு. இப்போது ஓசி வெள்ளி கிடைத்ததும் ஞானம் பிறந்துவிட்டது. அம்மனே அனுப்பிவைத்தாளாம்! வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாமல் பொள்ளாச்சி போய், ஆசாரியிடம் காசை உருக்கச் சொல்லி, ரெண்டு கண்ணாகத் தட்டி வாங்கி, கோயிலில் சாத்திவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நிற்கிறார்.

"வேண்டுதல் தீந்துது. ரெண்டாயிரம் வருசத்து வெள்ளின்னு நீதான சொன்ன? ஆத்தாளுக்கும் பெருமைதான?"

சாமியிடமே கஞ்சத்தனம் பண்ணுகிற ஆள்!

கோயிலுக்கு ஓடினேன். பூசாரி தட்டை நீட்டினார். அதில் குவியலாகக் கண்மலர்கள், அத்தனையும் ஒரே மாதிரி மினுங்கின. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மூக்கைக் காணோம், எழுத்தைக் காணோம். எது எங்களுடையது என்று பூசாரிக்கும் தெரியவில்லை. வீடு வருகிறவரை அழுகை நிற்கவில்லை.

வாசலில் அவர் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது போல.

"அட, இதுக்குப் போயி அழுவறியாக்கும்? இன்னும் ரெண்டு கெடைக்கட்டும் புள்ள, உனக்கு ஒரு ஜோடி மெட்டி தட்டிப் போட்டுர்றேன்."