ஜெர்மன் டாக்கிக்குத் தமிழ் வாய்

ஊமைப் படத்துக்குத் திரையோரம் நின்று கதை சொல்வதைவிடக் கேவலமான பிழைப்பு ஒன்றுண்டு: டாக்கி என்கிற பேசும் படம் வந்த பிறகும் அதையே செய்வது. வாயை வைத்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா!

மறு அழைப்பு

டாக்கி வந்ததும் என்னைக் கைகழுவிய கன்டோன்மென்ட் கொட்டகை முதலாளி, ஒருநாள் ஆள் அனுப்பினார். ஏதோ குறுநாவலை வைத்து எடுத்த படம் சல்லிசாகக் கிடைத்ததாம். ஓட்டிப் பார்த்த பிறகுதான் அது ஜெர்மனில் பேசுகிறது என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. படம் ஓடினால் எனக்கு நிரந்தர வேலை. ஓடாவிட்டால் பழையபடி வீட்டில் உட்கார்ந்து வசவு வாங்க வேண்டியதுதான். எனக்கு ஜெர்மன் தெரியாதே என்றேன்.

"பார்க்க வர்றவனுக்கு மட்டும் தெரியுமா? அதுங்க பேசறதைவிட நீ ஜோரா கத்து, போதும்."

தாய்மாமன்

படத்தில் ஓர் இளம்பெண், ஒரு நரைத்தாடிக்காரர். அவர் அதட்டினார், அவள் காப்பி ஊற்றினாள். "இவர்தான் அப்பா" என்று அறிவித்துவிட்டேன். சற்று நேரத்தில் அப்பா அவள் விரலில் மோதிரம் மாட்டி உதட்டில் முத்தமும் கொடுத்தார். முன்பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அடுத்துப் பறப்பது சோடா பாட்டில் என்பது எனக்குத் தெரியும். "அப்பா மாதிரி வளர்த்த தாய்மாமன்! முறை மாப்பிள்ளை!" என்று அலறினேன். ஜெர்மனியில் அந்த வழக்கம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெஞ்சிலிருந்த ஓர் அம்மாள் நிம்மதியாகச் சொன்னார்:

"அதானே பார்த்தேன், உரிமைக்காரன் இல்லாட்டி இப்படி அதிகாரம் பண்ணுவானா?"

ஏரி

அந்தப் பெண் வேறொருவனிடம் மனசைக் கொடுத்து, அவன் கைவிட்டதும் ஏரிக்குள் நடந்து போவாள். தண்ணீர் தலைக்கு மேல் மூடும், படம் முடியும். அழுதுகொண்டு போகிறவன் நாலு பேரைக் கூட்டி வரமாட்டான். ஆகவே, "அதோ, படகுக்காரன் குதிச்சுட்டான்! பொழச்சுட்டா!" என்று, படத்தில் இல்லாத ஓர் ஆளை ஆட்டத்துக்கு ஆட்டம் குதிக்க வைத்தேன். ஜனம் கைதட்டிவிட்டு மறுநாள் குடும்பத்தோடு வந்தது. போகப்போக எனக்கே அவள் சாகக் கூடாது என்று ஆகிவிட்டது. பக்கத்துப் பேட்டையான ரிச்சர்ட்ஸ் டவுன் டீச்சரம்மா ஒருவர் வாசலில் நிறுத்திக் கேட்டார்:

"நாளைக்கும் காப்பாத்திடுவீங்கல்ல பிரதர்? எங்கம்மாவைக் கூட்டிட்டு வரேன்."

பாதிரியார்

ஒருநாள் ஜெர்மன் பாதிரியார் ஒருவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாஷை தெரிந்தவர் படம் பார்க்க வருவதைவிட நம் தொழிலுக்குப் பெரிய கண்டம் கிடையாது. முடிந்ததும் முதலாளி குழைந்துகொண்டு போய், கதை சரிதானே என்று கேட்டார். பாதிரியார் சுத்தத் தமிழில், "கதை அப்படியன்று. ஆயினும் அவள் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி" என்றார். முதலாளியின் காது முதல் வாக்கியத்தோடு அடைத்துக்கொண்டது. வெள்ளைக்காரர் எதிரில் மட்டும் அவருக்குச் சத்தியத்தின்மேல் அப்படி ஒரு பிரியம். என் வேலை அங்கேயே போயிற்று.

மறுநாள் நான் இல்லாமல் படம் ஓடியது. ஏரி வந்தது, அவள் மூழ்கினாள், விளக்கைப் போட்டார்கள். கலாட்டாவில் பெஞ்சு உடைந்ததாகக் கேள்வி. கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே என் வீட்டு வாசலில் நின்றது. முன்னால் நின்ற டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க ஒருநாள் இல்லே, பாவிங்க அவளைச் சாக விட்டுட்டாங்களே!"

ஆக, உண்மைக் கதை முதலாளியிடம் போயிற்று, ஜனம் என் வாசலுக்கு வந்தது, சம்பளம் மட்டும் எந்தப் பக்கமும் வரவில்லை.