மலை மூடிட்டாங்க

வலது கால் பெருவிரல் கறுத்தபோது கிரகரி முதலில் சந்தேகப்பட்டது புதுச் செருப்பைத்தான். சாயம் ஒட்டியிருக்கும் என்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். விரல் வெளுக்கவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காததுதான் வினையே என்று பிறகு டாக்டர் சொன்னார். இனிப்பு நீர் வியாதி நரம்பைத் தின்றுவிட்டதாம். தோட்டத்துத் தேயிலையை லோரியில் ஏற்றி ஏற்றியே தலை நரைத்தவர் கிரகரி. சீனி குறைந்தால் அந்தத் தேயிலைக்கே அவமானம் என்று நினைத்துக் குடித்தவர்.

கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் பேனாவால் அவர் பாதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, "பாக்சிக், சினி போத்தோங்" என்றார். பெரியப்பா, இங்கே வெட்டணும். கோழிக் கடையிலும் இதே போத்தோங்தான். சீக்கிரம் வந்தால் பாதி பாதத்தோடு போகும், தாமதித்தால் மேலே ஏறும் என்று சொல்லித் தேதியும் கொடுத்தார்கள்.

வெட்டுவதில் கிரகரிக்குப் பெரிய தகராறு இல்லை. மகள் நிக்கோல் வந்த பிறகு வெட்டட்டும், அவ்வளவுதான். அவள் மலைமேல் தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் இறங்கும்போது இரண்டு காலோடு நின்று பையை வாங்க வேண்டும். அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

அவளிடம் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மனைவி சோஃபியா செத்தபோது நடந்தது அவருக்கு மறக்கவில்லை. நிக்கோல் படிப்பை விட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சமைத்தாள், துவைத்தாள், ஜன்னல் வழியே பனியைப் பார்த்தாள். அவளைத் திரும்ப அனுப்புவதற்குள் கிரகரிக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. இப்போது ஜாவாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எரிமலையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். காலைக் காட்டினால் மறுபடியும் அடுப்பங்கரைக்கு வந்துவிடுவாள். ஆகவே அவளாகவே வரவேண்டும், வந்த பிறகுதான் தெரியவேண்டும். கிரகரியின் திட்டம் இதுதான். லைன் வீட்டுக் கூரைகூட இதைவிடக் குறைவாகத்தான் ஒழுகும்.

அடுத்த வீட்டுச் செல்லம் தேயிலை வெட்டிவிட்டு வந்து அவருக்குச் சோறு கொடுப்பாள். நிக்கோல் வீடியோவில் கூப்பிட்டால் போனைப் பிடிப்பதும் அவள்தான். முகம் மட்டும் தெரிய வேண்டும் என்பது கிரகரியின் உத்தரவு. கால் நாறத் தொடங்கியதும் பழைய லோரிக் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை வாசனை அட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டார்.

"என்ன அண்ணே, காலுக்கும் லோரி மாதிரி ரோட்டெக்ஸ் வரி அட்டை ஒட்டியாச்சா?" என்றாள் செல்லம்.

"நீ போனை ஆட்டாம பிடிலா."

நிக்கோல் போனில் வந்தால் வேலையைப் பற்றித்தான் பேசுவாள். கிரகரிக்குப் பாதி புரியாது. அவள் பேசுவதைப் பார்க்கவே கேள்வி கேட்பார்.

"மலைக்குக் கீழ நெருப்புக் கடல் இருக்குன்னு நாங்க படிச்சோமே?"

"அது பழைய கதைப்பா. பெரிய குகை, அதுல நெருப்புத் தண்ணி நிறைஞ்சு கிடக்கும்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. இப்ப அப்படி இல்லைங்கிறாங்க. தண்ணி சுண்டிப்போன கஞ்சி மாதிரி. பருக்கைதான் நெறைய, நடுவுல கொஞ்சூண்டு குழம்பு. அதுவும் ஒரே இடத்துல இல்ல, ஆழத்துலேர்ந்து மேல வரைக்கும் அங்கங்க. ரொம்ப காலம் அசையாமலேயே கிடக்கும்."

"பாதர் நரகத்துல கடல்னாரு, நீ கஞ்சிங்கிறே."

"அசையாத கஞ்சியை எது அசைக்குதுன்னுதான் பார்க்கிறோம். கீழேருந்து புதுசா சூடு ஏறினா பருக்கையெல்லாம் இளகும். அப்ப ஒவ்வொரு பருக்கை மேலயும் புதுசா ஒரு தோல் வளரும். பழைய சாம்பல்ல அந்தப் பருக்கையைத் தேடி எடுத்து அறுத்து, தோலை மைக்ராஸ்கோப்புல பார்த்தா, சூடு ஏறினதுக்கும் வெடிச்சதுக்கும் நடுவுல எவ்வளவு நாள் இருந்துச்சுன்னு கணக்குப் போடலாம். சில தடவை வருசக்கணக்கு. சில தடவை ரொம்பக் கொஞ்ச நாள்."

"நம்ம மலையில அப்படி ஏதாவது இருக்கா?"

"நீங்க லோரி ஓட்டின மலையே அந்தக் கஞ்சிதான். டைனோசர் காலத்துல வெளிய வராமலே உள்ளுக்குள்ள ஆறி, கல்லா இறுகிப்போச்சு."

போனுக்குப் பின்னாலிருந்து செல்லம் சொன்னாள்: "அதான் இங்க மனுசனுங்களும் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்றதில்ல."

கிரகரி அவளை முறைத்தார். நிக்கோல் சிரித்தாள்.

ஆஸ்பத்திரித் தேதி நெருங்கிய வாரம் நிக்கோலிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னால் காற்று இரைந்தது. "அப்பா, மலை மூடிட்டாங்க. யாரும் மேல போகக்கூடாது. நாங்க எல்லாம் சாமானைத் தூக்கிக்கிட்டுக் கீழ இறங்கிட்டோம். லைன் சரியில்ல, அப்புறம் பேசுறேன்."

கிரகரி அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கும் இடம். காலையில் மலைக்குப் போவார்கள். மழை பிடித்துக்கொண்டால், மருந்து அடித்தால், கங்காணி மலையை மூடிவிடுவார். மலை மூடினால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வீடு. அவர் பிறந்ததிலிருந்து மலை மூடி வீட்டுக்கு வராத ஆள் ஒருவரையும் பார்த்ததில்லை.

"வர்றா" என்றார் செல்லத்திடம்.

"வர்றேன்னு சொன்னாளா?"

"மலை மூடிட்டாங்கன்னு சொல்றா. அப்புறம் அங்க உட்கார்ந்து என்ன புல்லா புடுங்குவா?"

செல்லத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளும் அதே மலைக்காரிதானே.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை, அப்புறம் வருகிறேன் என்று செல்லத்தை விட்டுப் பேசச் சொன்னார். காலை அறுக்க வரச் சொன்ன இடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். பக்கத்து ஊர் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டும் வசந்தனைப் பிடித்து, நிக்கோலுக்குப் பிடிக்குமென்று கியா பார்ம் சந்தையிலிருந்து சோளம் வாங்கி வரச் சொன்னார். படுக்கையை வெயிலில் போட்டார். எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவசரம் எதற்கு என்று அவள் மோப்பம் பிடித்துவிடுவாள். அவளும் 'பிசிப்பா' என்று ஒற்றைச் சொல்லாக அனுப்பிக்கொண்டிருந்தாள். காலில் கறுப்பு, பாதத்தைத் தாண்டி மேலே ஏறியது. சோளம் வாடியது. செல்லம் அதைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள்.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை வீடியோவில் வந்தாள். முகக்கவசம் போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. தலைமுடியில் மலையின் பழைய சாம்பல் புழுதி.

"எங்க இருக்கே, அடிவாரத்துல தாப்பாவா? வசந்தனை வரச் சொல்லட்டா?"

"எந்தத் தாப்பா? நான் இங்கதாம்பா இருக்கேன்."

"மலை மூடிட்டாங்கன்னியே."

"ஆமா. மூடினாத்தான் எங்களுக்கு வேலையே. வெளிவர்ற வாயு மாறியிருக்கு. கீழேருந்து புதுசா ஏறுது போல. இதுக்குத்தானே இத்தனை வருசம் பருக்கையை அறுத்துக்கிட்டிருந்தேன். கீழ ஊர் ஊரா எத்தனை கம்போங் இருக்கு தெரியுமா? எத்தனை நாள் இருக்குன்னு எங்களைத்தான் கேக்கறாங்க."

கிரகரி தலையை ஆட்டினார். "நல்லது, நல்லது" என்றார். சிரித்துக்கூட வைத்தார். செல்லம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனைக் கீழே சாய்த்தாள்.

"ஏய்! என்ன பண்றே? தூக்குடி மேல!"

முதலில் வாசனை அட்டை தெரிந்தது. பிறகு கால் தெரிந்தது. நிக்கோலின் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

"அப்பா, அது என்ன?"

"செருப்பு கடிச்சிருச்சு."

"அத்தை, நீங்க சொல்லுங்க."

செல்லம் சொன்னாள். விரல், டாக்டர், கோடு, தேதி, தாப்பா, எல்லாவற்றையும். கிரகரி நடுவில் இரண்டு தடவை "பொய்" என்றார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

"மலை மூடிட்டாங்கன்னு சொன்னதும் நான் வர்றேன்னு நெனச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் நிக்கோல். "அதுக்காகவா போகல?"

"நீ வந்ததும் போலாம்னு பார்த்தேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு..." என்று ஆரம்பித்தவர் தாமே நிறுத்திக்கொண்டார். அந்தக் கம்போங்குகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நிக்கோல் கண்ணைத் துடைத்தாள். சாம்பல் கோடாக இழுபட்டது.

"நான் வரமாட்டேன்."

"நிக்கி..."

"வர்றேன்னு சொன்னா நீங்க காத்துக்கிட்டிருப்பீங்க. நான் வரல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அத்தை, வசந்தன் அண்ணன் லோரியிலயாவது அப்பாவைத் தூக்கிப் போட்டு அனுப்புங்க. அங்க படுக்கையில படுத்துக்கிட்டுத்தான் இனிமே எனக்குப் போன் பண்ணணும். வீட்டுலேர்ந்து பண்ணினா நான் எடுக்கமாட்டேன்."

துண்டித்துவிட்டாள். கிரகரி வெற்றுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெண்ணா இப்படிப் பேசினாள் என்று அவருக்கு ஆச்சரியம். கோபம் வரவேண்டும் போலிருந்தது, வரவில்லை. செல்லம் அதற்குள் அவர் சட்டையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

முட்டைக்கோஸ் மூட்டைகளோடு ஈப்போவுக்குப் போனார். இந்தத் தடவை டாக்டர் போட்ட கோடு முட்டிக்கு மேலே இருந்தது. கிரகரி பேரம் பேசவில்லை.

அந்த மலை கடைசிவரை வெடிக்கவே இல்லை. ஏறிய சூடு பாதி வழியில் நின்றுவிட்டதாம். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட கம்போங்காரர்கள் திரும்பிப் போகும்போது நிக்கோலின் குழுவைத் திட்டிக்கொண்டே போனார்கள். மலையைத் திறந்த பிறகுதான் அவள் வந்தாள். பஸ் ஸ்டேஷனில் அவள் பையை வாங்கியவன் வசந்தன்.

வீட்டில் கிரகரி கட்டிலில் இருந்தார். அவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் யார் முதலில் என்ற சண்டை வந்திருக்கும். அவள் கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்து, புதுத்துணி சுற்றினாள்.

"வலிக்குதாப்பா?"

"வலி இல்ல. குதிகால்தான் அரிக்குது."

"இடது காலா?"

"வலது."

நிக்கோல் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அறுத்த கால் அரிக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் மெத்தை மேல் கை வைத்து, மெல்லச் சொறிந்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் கிரகரி.