குவைத் போய்ச் சேரும்வரை முழங்காலில்

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் எனக்கு அடுத்த வீடு செபமாலையம்மாள். ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும். குந்தியும் மண்டியிட்டும்தான் எடுக்க வேண்டும். இருபது வருஷம் எடுத்ததில் அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாய் மட்டும் போகவில்லை.

1976-இல் அவள் மகள் கத்தரீனாளுக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. எங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலில் விமானம் ஏறப்போகிறவள்! பம்பாயிலிருந்து அவள் போட்ட கடிதத்தை நான்தான் வாசித்தேன். ஞாயிறு காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பத்தரைக்குக் குவைத்.

“ஒன்றரை மணி நேரந்தான்” என்று கணக்குச் சொன்னவளும் நானே.

“அவ்வளவு நேரமும் முழங்கால்ல நின்னு செபமாலை சொல்லுதேன். நான் எந்திரிக்காத வரைக்கும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது” என்று நேர்ந்துகொண்டாள்.

எனக்கு நேர்ச்சையில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த ஞாயிறு அவள் வீட்டில் கூடிய கூட்டத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தரை அடித்ததும் “மரியே வாழ்க!” என்று எல்லோரும் கத்தினோம். அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். கையில் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தோம்.

அப்போது வந்து சேர்ந்தார் டிஸ்பென்சரி கம்பவுண்டர் மிக்கேல்ராஜ். “போடிக்கு பஸ்ல போகவே ரெண்டு மணி நேரம். ஆயிரத்தெழுநூறு மைல் ஒன்றரை மணியிலயா? அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி பின்னால. அங்க பத்தரைன்னா இங்க மதியம் ஒண்ணு. ஒங்க மக இப்ப நடுக்கடலுக்கு மேல!”

“மாதாவே! பிள்ளைய அந்தரத்துல விட்டுட்டு சாயா குடிக்கேனே!”

தம்ளர் உருண்டது. தொப்பென்று மண்டியிட்டாள். இதைக் கொஞ்சம் முன்னால் வந்து சொல்லித் தொலைத்தால் என்ன என்று கம்பவுண்டரிடம் பாய்ந்தேன். ஒரு மணிக்கு இரண்டு பேர் தூக்கித்தான் அவளை எழுப்ப முடிந்தது. வலியில் முகம் கோணியிருந்தும் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து மகளின் கடிதம் வந்தது. வாசித்தேன். “விமானம் மூன்று மணி நேரம் தாமதம். பன்னிரண்டுக்குத்தான் கிளம்பியது.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “அப்ப நான் எந்திரிச்ச பொறவும் அவ வானத்துலயா இருந்தா? நான் நின்னது வீணாட்டி?”

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. அடுத்த வரிக்குப் போனேன். “பறந்தபோது பயமே இல்லை அம்மா. காத்திருந்தபோதுதான் பயம். பத்தரை இருக்கும், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலைய வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு என்னவோ, திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.”

“எத்தன மணி? நல்லாப் பாருட்டி!”

பார்த்தேன். அவள் எழுந்து சாயா வாங்கி, கம்பவுண்டர் சொல்லித் திரும்ப மண்டியிட்ட அதே நேரம். “பத்தரைதான்.”

வீங்கிய முழங்காலில் படாரென்று ஒரு தட்டுத் தட்டினாள்.

“கம்பவுண்டர கூப்பிடுட்டி. மொதல்ல அந்த மனுசனுக்கு ஒரு சாயா போடணும்!”