நான்கு மூலையிலும் மஞ்சள்

சேனாபதிக்கு பேஸ்பால் ஆட்டத்தின் விதிகள் இன்றுவரை முழுதாகத் தெரியாது. ஜெர்சி சிட்டியில் குடியிருந்து, மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்காக சாஃப்ட்வேர் சோதிக்கிறவர். தப்பு கண்டுபிடிப்பதே பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகளில் அச்சகம் விட்ட பிழைகளைத் தேடுவார். வேலைக்குப் போகும் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டால், மன்ஹாட்டன் வரை எனக்குப் பேச ஆள் கிடையாது.

போன வருடம் வீட்டுப் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் வாங்கிய பெட்டியில் அது கிடைத்தது. 1962-இல் அச்சான அட்டை. ஆட்டக்காரர் பெரிய ஆள் இல்லை. ஆனால் மற்ற பிரதிகளில் சட்டைக் கையில் இருக்கும் சிவப்புக் கோடு இதில் இல்லை. அச்சகம் பிழையைக் கண்டு திருத்துவதற்குள் வெளியே போன சில தாள்களில் ஒன்று என்றார் சேனாபதி. அட்டை சேகரிப்பவர்களின் இணையக் குழுவில் ஒருவரும் ஒப்பவில்லை. வெயிலில் வெளுத்திருக்கும் என்று சிரித்தார்கள். அப்படியென்றால் உதட்டுச் சிவப்பு மட்டும் எப்படி மிஞ்சியது என்று கேட்டார். அதற்கும் சிரிப்புப் பொம்மைகளையே அனுப்பினார்கள். மனிதருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அட்டைகளைப் பரிசோதித்துச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்ப முடிவு செய்தார். உண்மை என்று அவர்கள் சொன்னால் குழுவின் வாயை அடைக்கலாம். பத்துக்கு எட்டு மதிப்பெண் வந்தால் விலையும் எகிறும். அனுப்பும் நாள் காலை மனைவி மரகதத்திடம் பெருமையாகக் காட்டினார்.

“நாலு கார்னரும்தான் இதுக்கு உசுரு மரகதம். அத வெச்சுத்தான் கிரேடே போடுவாங்க.”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். இருவருக்கும் ஊர் ஈரோடு. எச்-1பி விசா விண்ணப்பம், கிரீன் கார்டு விண்ணப்பம், மகளின் பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று இந்த வீட்டிலிருந்து போன எந்தக் காகிதமும் நான்கு மூலையில் மஞ்சள் தொடாமல் போனதில்லை. மூலைதான் உயிர் என்று புருஷனே சொன்ன பிறகு மரகதம் விடுவாரா? அட்டையை உறையிலிருந்து எடுத்து, ஊர் மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு மூலையிலும் வைத்து, காயவிட்டு, பழையபடி உள்ளே போட்டார். ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் சேனாபதி பார்க்காமலே பார்சல் பெட்டியை ஒட்டினார்.

ஆறு வாரத்தில் சான்று வந்தது. அச்சுப் பிழை உண்மை. நான்கு மூலையிலும் மஞ்சள் கறை, மதிப்பெண் கிடையாது.

குழு வாயை மூடிக்கொண்டது. தான் வைத்த மஞ்சள்தான் அது என்று மரகதம் அழுது தீர்த்தார். ரயிலில் என்னிடம் மட்டும், “எட்டு கெடச்சிருக்கும் சார்” என்றார். கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அடுத்த மாதம் இன்னொரு அட்டை அனுப்ப வேண்டியிருந்தது. அன்று காப்பிக்கு நானும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சேனாபதி அதைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, மஞ்சள் கிண்ணத்தோடு மரகதத்திடம் நீட்டினார்.

“வேண்டாமுங்க. என்ற கையே பட வேண்டாம்” என்று மரகதம் நகர்ந்துகொண்டார்.

“பதினோரு வருசம் இழுத்தடிச்ச கிரீன் கார்டு உன்ற கையிலதான வந்துச்சு. பிளாஸ்டிக் மேல வெய்யி.”

மரகதம் மஞ்சளில் விரலைத் தொட்டார். நான்கு மூலையிலும் வைத்து முடிக்கும் வரை சேனாபதி உறையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.