பீக்கன், விசில், புகை டப்பா

ஆபத்தில் ஆளைக் கூப்பிடும் கருவிகளை விற்பதில் ஒரு சங்கடம் உண்டு: சாமானைப் புகழப் புகழ, வாங்க வந்தவர் முகம் வெளிறிக்கொண்டே போகும். "படகு கவிழ்ந்தா இது தானா மேல மிதந்து வரும்" என்று நான் பெருமையாகச் சொன்னால், அவர் காதில் "படகு கவிழும்" என்பது மட்டும்தான் விழும். தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் விற்கிற கடையில், கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நான். கயிறும் மிதவையும் சிரித்துப் பேசியே விற்றுவிடலாம். இந்த ஒரு அலமாரிதான் பாடாய்ப் படுத்தும். ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்கிறவர்களே, உங்களுக்கு என் கால்வலி மட்டுமல்ல, தலைவலியும் புரியும்.

அமுக்குங்க பாப்போம்

தருவைகுளத்தில் இருந்து ஒரு படகு முதலாளி பீக்கன் வாங்க வந்தார். மஞ்சள் நிறத்தில் கையடக்கமான பெட்டி. பொத்தானை அமுக்கினால் படகு எங்கே தத்தளிக்கிறது என்று செயற்கைக்கோள் வழியாக மீட்புக்காரர்களுக்குச் செய்தி போய்விடும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அமுக்குங்க பாப்போம்" என்றார்.

"அமுக்கக் கூடாது அண்ணாச்சி. நெசமாவே தேடிக் கெளம்பிருவாங்க."

"கெளம்பட்டுமே. எம்புட்டு நேரத்துல வாராங்கன்னு தெரிஞ்சிரும்லா?"

சோதித்துப் பார்க்கத் தனிப் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினேன். சின்ன விளக்கு ஒருதரம் மினுங்கி அணைந்தது. அவருக்கு அது போதவில்லை. மிக்சி வாங்கினால் அரைத்துக் காட்டுகிறார்கள், ஃபேன் வாங்கினால் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று அடுக்கினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் வாங்கத்தான் செய்தார். ஆனால் வாசற்படி இறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: "அப்போ முங்குன பொறவுதான் இது நல்ல சாமானா, மட்டமான சாமானான்னு தெரியும்ங்கீய!"

மலைக்குப் போகிற பிள்ளை

ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். நெல் வயலும் வாழையுமாக இருக்கிற குடும்பம். பையன் பெங்களூரில் வேலை. நண்பர்களோடு இமயமலையில் நடக்கப் போகிறானாம். டவர் இல்லாத இடத்தில் இருந்து செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் வெளிநாட்டுக் கருவி ஒன்றைப் போனில் காட்டி, "இது இருக்கா?" என்றான். தம்பி, அனுமதி இல்லாமல் அதைப் பையில் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று விளக்கினேன். மலைக்குப் போவதற்கு முன்னால் போலீஸிடம் போகிறதா என்று அந்த அம்மா திகைத்துவிட்டார்.

பிறகு நான் எடுத்து வைத்தது எல்லாம் எளிய சாமான்கள்: நல்ல விசில், வெயிலைத் திருப்பி அடிக்கும் சின்னக் கண்ணாடி, விட்டு விட்டு எரியும் விளக்கு, தூரத்தில் இருந்தே கண்ணில் படுகிற ஆரஞ்சுத் துணி. "போற வழிய தங்குற இடத்துல சொல்லிட்டுப் போங்க, திரும்பலைன்னா தேடுவாங்க" என்றும் சொன்னேன். பையன் முகத்தைச் சுளித்தான். அந்த அம்மாவோ விசிலை வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்து, கடைக்குள்ளேயே ஊதிப் பார்த்தார். வெளியே போன ஆட்டோ பிரேக் போட்டு நின்றது. அவருக்குத் திருப்திதான், ஆனாலும் மகனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "போன்ல கூப்புட்டாலே எடுக்கமாட்டேங்கான், இவன் விசில் அடிச்சு நம்மள கூப்புடவா போறான்?"

பத்திரமான இடம்

பீக்கன் வாங்கிப் போன ஒருவர் மறுபடி கயிறு வாங்க வந்தார். பீக்கனைப் படகில் எங்கே மாட்டியிருக்கிறார் என்று விசாரித்தேன். வீட்டில், பீரோவுக்குள், கல்யாணப் பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறதாம். படகில் வைக்கத்தானே அது என்றேன். அவர் கோபமாகச் சொன்னார்: "அம்புட்டு நல்ல சாமானக் கொண்டுபோயி உப்புத் தண்ணியில கெடுக்கச் சொல்லுதீயளா?"

சூசை அண்ணனின் சட்டை

ஆலந்தலையில் இருந்து அமலி தன் வீட்டுக்காரர் சூசையை இழுத்துக்கொண்டு வந்தாள். சின்ன ஃபைபர் படகில் தனியாகப் போய் வருகிற மனிதர். "போன் இருக்குல்லா, இதெல்லாம் எதுக்கு?" என்று வாசலிலேயே நின்றார். அமலி காதில் வாங்கவில்லை. பகலுக்கு ஆரஞ்சுப் புகை டப்பா, இருட்டுக்குக் கையில் பிடித்துக் கொளுத்துகிற சிவப்பு மத்தாப்பு என்று அவளே பார்த்து எடுத்தாள். புகை டப்பாவின் வளையத்தை எப்படி இழுப்பது, காற்று போகிற பக்கமாகக் கையை எப்படி வெளியே நீட்டிப் பிடிப்பது என்று நான் செய்து காட்டியபோது, சூசை அண்ணன் தெருவில் மீன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அமலி போன் செய்தாள். காலையிலேயே திரும்பியிருக்க வேண்டிய படகு வரவில்லை, மற்றவர்கள் தேடப் போயிருக்கிறார்கள். அழவில்லை. "யக்கா, அந்தப் புகை எம்புட்டுத் தூரத்துக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். நல்லாத் தெரியும், கவலைப்படாதே என்றேன். போனை வைத்ததும் அலமாரிக்குப் போய், அதே மாதிரி டப்பா ஒன்றை எடுத்து அதில் எழுதியிருப்பதை எழுத்து எழுத்தாகப் படித்தேன். எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன். முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் கேட்டது ஒன்று, நான் எடுத்துக் கொடுத்தது ஒன்று. பொழுது சாயும்போது மறுபடி போன். "மாதா காப்பாத்திட்டா, வந்துட்டாவ" என்றாள். அப்போதுதான் அழுதாள், நானும்தான்.

இஞ்சின் நின்று, நீரோட்டம் படகை வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. போனில் டவர் இல்லை. தூரத்தில் ஒரு விசைப்படகு திரும்பிப் போகிறதைப் பார்த்து வளையத்தை இழுத்திருக்கிறார். அவர்கள் புகையைப் பார்த்து வந்து, கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் சூசை அண்ணன் கடைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் ஒரு பையில் இருந்து சட்டையை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். டப்பாவைக் காற்றுக்கு எதிராகப் பிடித்திருக்கிறார்; நெஞ்சு முழுக்க ஆரஞ்சுக் கறை. "உசுரு பொழச்சது இதாலதான், இல்லங்கல. ஆனா எத்தன தடவ தொவச்சாலும் போகமாட்டேங்கு தாயி, இதுல வெள்ளப் புகை வராதா?"

இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது, இந்தக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் கரையில் காத்திருக்கிறவர்கள், குறை சொல்கிறவர்களோ பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள்.