நன்றியுரை இல்லாத பன்னிரண்டு பக்கங்கள்

சூடேற்றியின் மேல் காய்ந்துகொண்டிருந்த அந்தப் புத்தகங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. கார்த்திகை மழையில் என் மச்சான் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் பஸ் தரிப்பிடத்திலிருந்து எங்கள் தொடர்மாடிக்கு நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தான். கையில் ஒரேயொரு பை. அதற்குள் ஒரு மாற்றுச் சேட்டும் ஒரு காற்சட்டையும் இருந்தன. மிச்சம் முழுவதும் இங்கிலாந்தில் அச்சான படக்கதைப் புத்தகங்கள். அவன் தலையைக்கூடத் துடைக்கவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக நடுவில் விரித்து, யன்னலுக்குக் கீழே இருந்த சூடேற்றியில் குழந்தைத் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட்டான். நான் எண்ணினேன். முப்பத்தொன்று. கடதாசி சூட்டில் பற்றிக்கொள்ளாதா என்று கேட்டேன். "பயப்பிடாதேங்கோ அத்தான், உள்ளுக்கை கிடக்கிற கதையளை விட இந்தச் சூடு குறைவு" என்றான்.

அவன் என் மனைவியின் தம்பி. லண்டனில் ஒரு பத்திரிகைக் கடையில் நின்றவன். விசா முடிந்ததும் அங்கே இருக்க வழியில்லாமல் டென்மார்க்குக்கு வந்து அடைக்கலம் கேட்டிருந்தான். நான் அவனுக்கு முன்பே வந்து, அனுமதி கிடைத்து, ஆலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன் என்பதால் இங்கேயும் எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். எண்ணுவது அங்கே எனக்குத் தொழில். இங்கே அது ஒரு வியாதியாகிவிட்டது. படிக்கட்டு, யன்னல், பஸ்ஸில் இருக்கும் தலைகள், எதையும் விடமாட்டேன். எண்ணிக்கொண்டிருக்கும்வரை மனம் வேறு இடத்துக்குப் போகாது. என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில், டென்மார்க்கின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

வீட்டில் மூன்றாவது ஆள் மன்னார் அண்ணை. செபமாலை சொல்லாமல் படுக்க மாட்டார். அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் மன்னாரில் காத்திருந்தார்கள். புத்தகங்களின் அட்டையில் "முதிர்ந்த வாசகர்களுக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததைக் கண்டதும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "மாஸ்டர், உங்கடை மச்சான் கெட்ட படப் புத்தகம் கொண்டந்திருக்கிறான். மாதா படம் தொங்கிற அறையிலை!" அடுத்த ஞாயிறு நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டு வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியோடு சூடேற்றியின் பக்கத்தில் இருந்தார். மடியில் நாலு புத்தகம்.

"இது பெரிய ஏமாத்து, மாஸ்டர். முழுக்கப் புரட்டிப் பாத்திட்டன். ஒரேயொரு பொம்பிளை வாறாள். அவளும் கழுத்து வரைக்கும் கோட்டைப் பூட்டிக்கொண்டு பொலிசோடை சண்டை பிடிக்கிறாள்."

உள்ளே இருந்து மச்சான் சிரித்துக்கொண்டே வந்தான். "அண்ணை, முதிர்ந்த ஆக்களுக்கு எண்டு போட்டிருக்கிறது அதுக்கில்லை. அரசாங்கம் பொய் சொல்லும் எண்டதைத் தாங்கக்கூடிய ஆக்களுக்கு."

நான் வளர்ந்த காலத்தில் படக்கதை என்றால் சிவகாசியில் அச்சாகி வரும் முகமூடி வீரர்கள்தான். ஒரு குத்தில் நாலு பேர் விழுவார்கள், கடைசிக் கட்டத்தில் நீதி வெல்லும். ஆகவே இந்தப் புத்தகங்களை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. மை அதிகம், வெளிச்சம் குறைவு, எல்லாப் பக்கத்திலும் மழை. கோட்டுப் போட்ட அந்தப் பெண்ணின் கதையை மச்சான் எனக்கு இருந்து வாசித்துக் காட்டினான். இனிமேல் வரப்போகும் ஓர் இங்கிலாந்து. கடலோரத்தில் ஒரு நகரம். பொழுது பட்டபின் தெருவில் நிற்க அனுமதி வேண்டும். அவள் பஸ் ஓட்டுபவள். அனுமதி இல்லாதவர்களை ஏற்றக் கூடாது என்பது உத்தரவு. ஒரு நாள் ஏற்றுகிறாள். கதை அவ்வளவுதான். அவளுக்குப் பறக்கத் தெரியாது, யாரையும் குத்தி விழுத்தவும் தெரியாது. உத்தரவு போட்டவனின் முகம் கதை முழுவதும் வரவேயில்லை. ஒரு மேசை வரும், ஒரு விளக்கு வரும், கையுறை போட்ட ஒரு கை வரும். "பாத்தியளே அத்தான், தன்ரை அரசாங்கத்தை எப்பிடிக் கிழிச்சு வைச்சிருக்கிறான். கீறினவன் வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். எங்கடை ஊரிலை எண்டா அடுத்த நாள் அவனைத் தேடித்தான் போகவேணும்." அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்தது பொறாமை. அந்தப் பொறாமை என்னையும் தொற்றிக்கொண்டது.

இந்த நாடு பின்னாளில் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்த வருடங்கள் அவை. குடும்பத்தைக் கூப்பிடும் உரிமை சட்டத்தில் இருந்தது. ஆனால் மேலே யாரோ சொல்லி, எங்கள் விண்ணப்பங்களை மட்டும் தொடாமல் வைத்திருந்தார்கள். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம். தமிழர்களின் பதில்கள் மட்டும் ஏன் இவ்வளவு பிந்துகின்றன என்று டேனிஷ் பத்திரிகைகளில் ஒன்றிரண்டு எழுதத் தொடங்கியிருந்தன.

அந்த நேரத்தில்தான் கிரின்ஸ்டெட் நூலகத்தில் வேலை செய்த பெண்மணி, நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியவர், தமிழர்களுக்குக் கண்காட்சி வைக்க ஒரு கிழமை நூலகச் சுவரைத் தருவதாகச் சொன்னார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கூட்டம் எங்கள் குசினியில் நடந்தது. குத்துவிளக்கு, கோலம், சேலை கட்டிய பொம்மை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மச்சான் மட்டும், "நான் ஒரு படக்கதை கீறித் தாறன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர், ஊரில் தபாலதிபராக இருந்தவர், பெருந்தன்மையாக, "சரி, ஒரு மூலையிலை அதுவும் கிடக்கட்டும்" என்றார்.

அந்த மூலைக்காக அவன் ஆறு கிழமை குசினி மேசையைப் பிடித்து வைத்திருந்தான். நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கறுப்புப் பூச அவனிடம் நல்ல தூரிகை இல்லை. மன்னார் அண்ணையின் சப்பாத்துத் தூரிகையைக் கழுவி எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு பக்கம். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறை, ஒரு கட்டில், ஒரு சிறுபிள்ளை, ஒரு பெண். வெளியே லொறிகளில் ஆமி போகிறது. டென்மார்க் வரும் இடமெல்லாம் ஒரு நீண்ட நடையும் மூடிய கதவுகளும்தான், ஆட்கள் இல்லை. பெட்டிகளுக்குள் அவன் எழுதிய டேனிஷை நூலகப் பெண்மணி திருத்திக் கொடுத்தார். பிழையைத்தான் திருத்தினார், சொன்ன சேதியில் கை வைக்கவில்லை. பக்கத்துக்கு ஆறு கட்டமாக எழுபத்திரண்டு கட்டம். அதில் ஐம்பத்திமூன்றில் அவள் இருந்தாள். ஒன்றில்கூட முகம் இல்லை. முதுகு காட்டி நின்றாள், அல்லது முகம் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. அக்காவுக்கு ஒரு தீங்கும் வந்துவிடக் கூடாது என்று அவன் அப்படிச் செய்திருந்தான்.

தலைவர் பன்னிரண்டையும் பார்த்தார். பிறகு, "முன்னுக்கு ஒரு பக்கம் சேர்க்கவேணும். மகாராணிக்கும் அரசாங்கத்துக்கும் டென்மார்க் மக்களுக்கும் எங்கடை நன்றி" என்றார். எங்கள் ஆட்களை அறிந்தவர்களுக்கு இது புதினமாக இராது. வாசிகசாலைத் திறப்போ விளையாட்டுப் போட்டியோ நினைவுக் கூட்டமோ, எதுவானாலும் நன்றியுரை இல்லாமல் யாழ்ப்பாணத்தான் கதிரையை விட்டு எழும்பமாட்டான். தலைவர் அதைத் தொடக்கத்திலேயே வைக்கப் பார்த்தார்.

"மாட்டன்" என்றான் மச்சான்.

"நன்றி சொன்னால் உனக்கு என்ன குறைஞ்சா போகும்? இருக்க இடம் தந்த நாடு."

"சொல்லத்தான் போறன், ஐயா. அக்கா வந்து இறங்கட்டும். குடுத்த பிறகு சொல்லுறதுதான் நன்றி. குடுக்க முதல் சொல்லுறதுக்குப் பேர் கெஞ்சல்."

"தம்பி, இது லண்டன் புத்தகமில்லை. அங்கை வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைத் திட்டுறான். நாங்கள் வந்தான் வரத்தான். ஒருத்தன் கோவிச்சு, எங்கடை பைல் எல்லாத்தையும் தூக்கி அடியிலை வைச்சால்?"

"இப்ப என்ன மேலையே கிடக்கு?" என்று மன்னார் அண்ணை கேட்டார்.

தலைவர் கையை உதறிக்கொண்டு எழும்பினார். நன்றி இல்லாவிட்டால் சங்கத்தின் பெயரும் இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இது உங்கடை பெண்சாதியின்ரை விசயம். நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ."

நான் இயல்பிலேயே பயந்தவன். அன்றைக்கும் பயந்தேன், அதில் வெட்கம் இல்லை. பயப்பட ஐம்பத்திமூன்று காரணம் மேசையில் கிடந்தது. ஆனால் காத்திருப்பது நானல்ல. "அவளைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவளைப் பிடித்தேன். லொட்ஜுக்குக் கீழே ஒரு கடை, பின்னால் சனத்தின் இரைச்சல். எல்லாவற்றையும் சொன்னேன். நன்றிப் பக்கத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "என்னை எப்பிடிக் கீறியிருக்கிறான்?" என்றுதான் கேட்டாள்.

"முகம் போடேல்லை."

"ஏன்?"

"உனக்கு ஏதும் வந்திடும் எண்டு."

"இனி என்ன வரக் கிடக்கு? பிள்ளைக்குப் பல் விழுந்து முளைச்சிட்டுது. முகம் இல்லாத பொம்பிளையை ஆர் கூப்பிடுவான்? என்ரை முகத்தைப் போடச் சொல்லுங்கோ. நன்றி கின்றி ஒண்டும் வேண்டாம். மூக்கை மட்டும் தன்ரை மூக்கு மாதிரிக் கீறிப் போடவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ."

நான் அதை அப்படியே போய்ச் சொன்னேன். மச்சான் என் மணிப்பேர்சில் இருந்த கல்யாணப் படத்தை வாங்கி மேசைவிளக்கில் சாத்தி வைத்துக்கொண்டு, ஐம்பத்திமூன்று கட்டத்திலும் முகத்தைப் போட்டான். முதுகு காட்டி நின்றவளையும் வெட்டி ஒட்டி, வாசிப்பவர் பக்கம் திருப்பினான். முதுகோடு இருந்தபோது அவள் பாவப்பட்டவளாகத் தெரிந்தாள். திரும்பியபின், கேள்வி கேட்பவளாகத் தெரிந்தாள். அந்த இங்கிலாந்துப் புத்தகங்களில் நான் முதலில் காணத் தவறியது அதுதான். அவற்றில் இருந்தவர்கள் தோற்றாலும் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை.

நூலகச் சுவரில் பன்னிரண்டு பக்கமும் தொங்கின, சங்கத்தின் பெயர் இல்லாமல். மூலையில் அல்ல, வாசலுக்கு நேரே. முதல் நாள் இருபத்தாறு பேர் நின்று வாசித்ததை எண்ணினேன். இரண்டாம் நாள் எண்ண முடியவில்லை. அன்று ஒரு வயதான விவசாயி, சேறு காயாத பூட்சோடு முதலிலிருந்து கடைசிவரை போய், மீண்டும் முதலுக்கு வந்தார். "எங்கள் நாட்டில் இருந்துகொண்டு எங்களையே குறை சொல்கிறீர்களே" என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் தன் உடைந்த டேனிஷில், "இங்கே அப்படிச் சொல்லலாம் என்று மொழி வகுப்பில் உங்கள் ஆட்கள்தானே படிப்பித்தார்கள்" என்றான். விவசாயி அந்த முகத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டார். மச்சான் வாய் திறப்பதற்குள் நான், "என் மனைவி" என்றேன். முன்பின் தெரியாத டேனிஷ்காரர் ஒருவருக்கு அந்த நாட்டில் நான் உரக்கச் சொன்ன முதல் வசனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் தலைவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் முன்னும் நின்றார். போகும்போது, "சங்கத்தின்ரை பேரைக் கீழை எழுதிவிடு. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாய்ப் போடு" என்று மச்சானிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

எங்கள் பன்னிரண்டு பக்கத்தால் எதுவும் மாறியது என்று நான் சொல்லவரவில்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர், டேனிஷ்காரரும் தமிழரும், விடாமல் கேட்டார்கள். விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது சட்டத்துக்கு மாறானது என்பது வெளியே வந்தது. பிறகு ஓர் அரசாங்கமே அதனால் போனது. அதற்கு முன்பே, கதவு திறந்ததும் முதலில் வந்தவர்களில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள். மன்னார் அண்ணையின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். மூத்த மகன் வரவில்லை. காத்திருந்த நாட்களில் அவன் இல்லாமல் போய்விட்டான். அந்தச் சேதி வந்த நாளுக்குப் பிறகு அண்ணை எங்கள் வீட்டில் செபமாலையை உரக்கச் சொல்லவில்லை.

மச்சான் காலமாகி இப்போது நாலு வருடம். அவன் தொங்கவிட்ட புத்தகங்களில் மிச்சமிருப்பவற்றைக் கோப்பன்ஹேகனில் இருக்கும் என் மகள் வைத்திருக்கிறாள். அவளுடைய பிள்ளைகள் அவற்றைப் புரட்டி, என்னிடம் டேனிஷில் கேள்வி கேட்கிறார்கள். நான் தமிழில் பதில் சொல்கிறேன். டென்மார்க் எங்களுக்குச் செய்தவற்றுக்கு எத்தனையோ மேடைகளில் நன்றி சொல்லியிருக்கிறோம். அவனும் சொல்லியிருக்கிறான், மனதார. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது என் மனைவி வந்த மூன்றாம் நாள், பதிவுக்காக நகரசபை அலுவலகத்துக்குப் போனது. நாங்கள் மூவர், மகளோடு நால்வர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் சிரித்து, கை கொடுத்து, டென்மார்க்குக்கு நல்வரவு என்றாள். பதிலுக்கு ஒரு நன்றி வரும் என்று அந்தப் பெண்ணும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் தம்பி சொல்லிக்கொடுக்க, லொட்ஜில் இருந்தே பாடமாக்கி வந்த ஒரு வசனம் என் மனைவியிடம் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அவள் கையைக் கொடுத்துக்கொண்டே, சுத்தமான டேனிஷில், "நான் ஏன் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. கோபமில்லை. எழும்பிப் போய்க் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து என் மனைவியின் முன்னால் வைத்தாள். "எனக்குத் தெரியாது" என்றாள் மெதுவாக. மச்சான் அதைத் தமிழில் சொன்னான்.

என் மனைவி கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "பரவாயில்லை. ஆருக்குத் தெரியுமோ அவையை விசாரிச்சுச் சொல்லச் சொல்லு. நாங்கள் இனி இஞ்சைதானே இருக்கப் போறம்."