காது வழிப் பாடம்

கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பயிற்சி தர, ஆலங்குளம் பக்கத்துப் பள்ளிகளுக்கு முறைவைத்துச் சென்றுவருகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு ஒரு வரியை வாசித்து முடிப்பதே பெரும்பாடு. காதால் கேட்ட பாடத்தையோ அவள் மறப்பதில்லை. பாடத்தை வாசித்துக் காட்டும் செயலியோடு ஒரு கைபேசியையும் இயர்போனையும் வகுப்பில் அவளுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு மாலை அவள் தாய் வந்தார்.

“டீச்சர், அத இனி மாட்ட வேண்டாம். கூடப் படிக்க பிள்ளைய அதக் காது மிஷின்னு சொல்லி, இவளுக்குக் காது கேக்காதுன்னு தெருவே பேசுது. நாளைக்கு யாரு கட்டுவா?”

“பாட்டு கேக்கேன்னு சொல்லிக்கிடுதேம்மா,” என்றாள் மகள்.

“ஏட்டி, அதுக்குக் காது கேக்கலன்னு சொல்லுததே தேவல!”

மூவரும் சிரித்துவிட்டோம். வாசிப்பதில் உள்ள சிரமத்தை உள்ளபடியே சொல்லலாமே என்றேன். தாய் மறுத்துத் தலையசைத்தார். வாதாட எனக்குத் தெம்பில்லை. நான் பேருந்தேறித் தென்காசிக்குப் போய்விடுவேன். அந்தத் தெருவில் வாழவேண்டியவர்கள் அவர்கள். ஆனால் தெருவின் பேச்சை அடக்க அவள் படிப்பை விலையாகக் கொடுப்பதும் நியாயமாகப் படவில்லை. கடைசியில், வீட்டில் மட்டும் அப்பாவின் கைபேசியில் கேட்கட்டும் என்று முடிவாயிற்று.

மறுவாரம் வகுப்பில் எல்லோரும் பக்கத்தைத் திருப்பியபோது, அவள் விரல் இன்னும் முதல் வரியில் இருந்தது.